வாசகர் கேள்வி – பதில்: ஆல்ப்ஸ் மலையில் ஆலயத்திலிருந்து ஆலயத்துக்கு நடந்து

சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மாதா திருத்தலத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு பதிலைத் தொடர்ந்து, அங்கே நடந்தே செல்வது பற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஜூன் மாதம் சூரிக்கில் வேலை செய்யும் என் மகனிடம் போகிறேன். எனக்கு வயது 59. வேளாங்கண்ணிக்கு மூன்று முறை நடந்து போயிருக்கிறேன். ஆல்ப்ஸ் மலையில் ஆலயம் ஆலயமாக நடந்து செல்லும் பாதை ஒன்றைச் சொல்வீர்களா? மலையேற்றப் பயிற்சி எதுவும் எனக்கு இல்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

அம்மா, உங்களுக்கு நான் சொல்லக்கூடிய பாதை ராப்பர்ஸ்வில் என்ற ஏரிக்கரை ஊரில் தொடங்கி, ஐன்சீடெல்ன் வழியாக, தவசி நிக்கோலாஸ் வாழ்ந்த ஃப்ளூலி-ரான்ஃப்ட் என்ற மலைக் கிராமத்தில் முடிவது. நடுவே வரும் படகுப் பயணத்தை விட்டுவிட்டால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நடை. ஸ்பெயினிலுள்ள, இயேசுவின் சீடரான சந்தியாகப்பர் (யாக்கோபு) கல்லறையை நோக்கி ஐரோப்பா முழுவதிலுமிருந்து மக்கள் நடந்த பழைய பாதைகளில் ஒன்று சுவிட்சர்லாந்தைக் குறுக்காகக் கடக்கிறது. நீங்கள் நடக்கப்போவது அதன் நடுப்பகுதி. வழிகாட்டிப் பலகைகளில் 4 என்ற எண் எழுதப்பட்டிருக்கும். அதைத் தவறவிடாமல் தொடர்ந்தாலே போதும்.

சூரிக்கிலிருந்து ராப்பர்ஸ்வில்லுக்கு ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஊரை விட்டு இறங்கியதும் ஏரியின் மேல் 841 மீட்டர் நீள மரப்பாலம் ஒன்று வருகிறது. யாத்திரிகர்கள் இடைக்காலம் முதல் கடந்துவந்த நடைபாலம் இருந்த அதே தடத்தில் 2001ஆம் ஆண்டு புதிதாகக் கட்டப்பட்டது அது. பாலத்தின் தொடக்கத்தில் ஒரு சின்னஞ்சிறு கற்கோயில் இருக்கிறது. கரையை விட்டு நீங்குமுன் ஒரு மன்றாட்டு சொல்வதற்கென்றே அதை அங்கே எழுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். பாலத்தைக் கடந்து மறுகரை ஊரான ஃபெஃபிகோனிலிருந்து ஏற்றம் தொடங்குகிறது. ஏரி 406 மீட்டர் உயரத்திலும் எட்சல் கணவாய் 950 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், உங்கள் ஊர் மலைக்கோட்டையை அடியிலிருந்து உச்சிவரை ஆறு முறைக்கும் மேல் ஏறுவதற்குச் சமமான உயரத்தை முதல் நாளிலேயே ஏற வேண்டியிருக்கும். வேளாங்கண்ணிப் பாதையில் உங்களுக்கு எதிராக நிற்பது வெயிலும் தாரும். இங்கே எதிராக நிற்பது சரிவு மட்டுமே. மெதுவாக ஏறினால் மூச்சு தானே சீராகிவிடும்.

கணவாயின் மேல் புனித மைன்ராட் சிற்றாலயம் இருக்கிறது. மைன்ராட் 9ஆம் நூற்றாண்டுத் துறவி. முதலில் இந்தக் கணவாயில் தங்கியவர், தம்மைத் தேடி வருவோர் கூட்டம் பெருகியதால் இன்னும் உள்ளே, அடர்காட்டுக்குள் போய்விட்டார். 861ஆம் ஆண்டு அவரிடம் விருந்தினராக வந்து உண்ட இருவர் அவரைக் கொன்றார்கள். அவர் வளர்த்த இரண்டு அண்டங்காக்கைகள் கொலைகாரர்களைச் சூரிக்வரை துரத்திச் சென்று காட்டிக்கொடுத்தன என்பது மரபு. ஐன்சீடெல்ன் ஊரின் சின்னத்தில் இன்றும் அந்த இரு பறவைகளைக் காணலாம். அவர் குடில் இருந்த இடத்தில்தான் 934ஆம் ஆண்டு ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபை மடம் எழுந்தது. கணவாயிலிருந்து இறங்கி, ஸீல் ஆற்றின் மேலுள்ள கூரை வேய்ந்த கற்பாலத்தைக் கடந்து, புல்வெளிகளுக்கு நடுவே நடந்தால் மாலைக்குள் மடத்தின் இரட்டைக் கோபுரங்கள் கண்ணில் படும். பேராலயத்தின் முன்னுள்ள மாதா நீரூற்றில் 14 குழாய்கள் இருக்கின்றன. யாத்திரிகர் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடிப்பது வழக்கம். ஐந்து மணி நேரம் நடந்துவிட்டு வந்தவருக்கு அந்தத் தண்ணீரின் அருமை தெரியும்.

ஐன்சீடெல்னில் ஒரு நாள் முழுவதும் தங்குங்கள். பிற்பகல் மாலைச் செபத்துக்குப் பின் துறவியர் வரிசையாக வந்து, பேராலயத்துக்குள்ளேயே இருக்கும் மாதா சிற்றாலயத்தின் முன் நின்று, மாதாவை நோக்கிய "கிருபை தயாபத்து" மன்றாட்டை இலத்தீனில் பாடுவார்கள். ஒவ்வொரு நாளும் நடப்பது அது. அதற்காகவே ஒரு மாலையை அங்கே கழிக்கலாம்.

அடுத்த நாள்தான் கடினமான நாள். ஆல்ப் என்ற சிற்றாற்றை ஒட்டி ஆல்ப்தால் கிராமம் வரை சமநிலமாகச் செல்லும் பாதை, பிறகு காட்டுக்குள் நுழைந்து ஹாகனெக் கணவாய்க்கு ஏறுகிறது. 1,414 மீட்டர், சுவிட்சர்லாந்தின் சந்தியாகப்பர் பாதையில் இதுவே மிக உயர்ந்த இடம். பக்கத்தில் பெரிய மீத்தன், சிறிய மீத்தன் என்ற இரு பாறைச் சிகரங்கள் நிற்கின்றன. ஏறுவதைவிட இறங்குவதற்கே இங்கு உங்களைத் தயார் செய்துகொள்ள வேண்டும். ஷ்வீட்ஸ் நகரம் 516 மீட்டரில் இருப்பதால் ஏறத்தாழ 900 மீட்டர் இறக்கம். முழங்கால் வலி உள்ளவர்கள் இரு கைகளிலும் நடைக்கோல் இல்லாமல் இந்த இறக்கத்தில் கால் வைக்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஷ்வீட்ஸிலிருந்து ப்ருன்னன் துறைக்கு நடந்து, படகில் லூட்சர்ன் ஏரியைக் கடந்து ட்ரைப் என்ற இடத்தில் இறங்கி, ஏரிக்கு மேலாக எம்மட்டன் வழியே பெக்கன்ரீடுக்குப் போகலாம். ப்ருன்னனுக்குச் சற்று முன்பாக, குன்றின் மேல் இங்கன்போல் திருச்சிலுவைச் சகோதரிகளின் தாய்மடம் இருக்கிறது. அந்தச் சபைக்கு வித்திட்ட கப்புச்சின் துறவியான தியோடோசியுஸ் ஃப்ளோரென்டினியே மென்சிங்கன் திருச்சிலுவைச் சகோதரிகள் சபைக்கும் வித்திட்டவர். நாகர்கோவில் ஹோலி கிராஸ் கல்லூரியை நடத்துவது இந்த இரண்டாவது சபைதான். உங்கள் மாணவியருள் அங்கே படித்தவர் யாரேனும் இருந்தால் இச்செய்தியைச் சொல்லுங்கள். பெக்கன்ரீடிலிருந்து ஸ்டான்ஸ் ஒரு சிறு நாள். ஸ்டான்ஸிலிருந்து ஃப்ளூலி-ரான்ஃப்ட் கடைசி நாள். தங்கும் நாளையும் சேர்த்து ஆறு நாட்கள் வைத்துக்கொண்டால் அவசரமில்லாமல் முடியும்.

கேள்வி: இந்த ஊர்களுக்கெல்லாம் ரயிலும் பேருந்தும் இருக்கும்போது நடக்கத்தான் வேண்டுமா? நடுவே படகில் ஏறினால் யாத்திரை முறியாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

படகு யாத்திரையை முறிக்காது. ஏரியின் செங்குத்தான கரைகளில் சாலை இல்லாத காலத்தில் யாத்திரிகர் எல்லாரும் படகில்தான் கடந்தார்கள். படகுதான் அங்கே பழைய பாதை.

ரயிலைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. உடல்நலம் இடம் கொடுக்காதவர்கள் ரயிலில் போவதே சரி. அவர்களுடைய யாத்திரை எந்த விதத்திலும் குறைந்ததன்று. ஆனால் நடக்க முடிந்தவர்கள் ஆலயங்களை மட்டும் பார்த்துவிட்டு நடுவிலுள்ள வழியை ரயில் கண்ணாடிக்கு வெளியே ஓடவிட்டால், யாத்திரையின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறார்கள். மலையில் பத்துப் பதினைந்து நிமிட நடைக்கு ஒரு குருசடியோ, மரத்தில் அறைந்த ஒரு சிலுவையோ, மாடத்துக்குள் ஒரு மாதா உருவமோ வருகிறது. பனிச்சரிவில் இறந்த மகனுக்காக, நோய் நீங்கிய மாட்டு மந்தைக்காக, போருக்குப் போய்த் திரும்பியவனுக்காக என்று அந்தந்தப் பண்ணைக் குடும்பங்கள் வைத்தவை அவை. பேராலயத்துக்கு அரசரும் ஆயரும் பொருள் கொடுத்தார்கள்; வழியோரச் சிலுவைக்குக் கொடுத்தவர் அந்த மேட்டில் புல் அறுத்தவர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அம்மக்களின் பக்தி விளங்கும், அதை நடப்பவரால் மட்டுமே பார்க்க முடியும்.

கேள்வி: ஐன்சீடெல்ன் மாதா ஏன் கறுப்பாக இருக்கிறார்? இந்துக்களான எங்கள் உறவினர்கள்கூட ஆண்டுதோறும் அங்கே போகிறார்களே!
– வாசகி, பேர்ன், சுவிட்சர்லாந்து

திருவுருவம் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மரத்தில் செதுக்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் முகம் கறுப்பன்று. காற்றோட்டமில்லாத சிறு கோயிலுக்குள் நூற்றாண்டுக்கணக்கில் எரிந்த மெழுகுவர்த்திகளின் புகையும் விளக்குகளின் கரியும் படிந்துபடிந்து கறுத்தது. 1798இல் பிரெஞ்சுப் படை மடத்துக்குள் நுழைந்து மாதா சிற்றாலயத்தை இடித்தபோது, திருவுருவத்தை முன்னதாகவே ஒளித்து, ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க் பகுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே அதைப் பழுதுபார்த்த கலைஞர் கரியைச் சுரண்டித் துடைத்தார். முகம் மனித நிறத்தில் வெளிப்பட்டது. ஆனால் மக்கள் அறிந்த மாதா கறுப்பு மாதா அல்லவா? வெளுத்த முகத்தோடு திரும்பினால் இது நம் மாதா அன்று என்று சொல்லிவிடுவார்கள் என்ற கவலையால் மீண்டும் கறுப்பு வண்ணம் பூசினார்கள். ஆக, முதல் கறுப்பு விளக்கு கொடுத்தது, இப்போதுள்ள கறுப்பு மக்களின் அன்பு கேட்டுப் பெற்றது. இந்த இரண்டாவது கறுப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். சிற்றாலயம் 1815 முதல் 1817 வரையிலான ஆண்டுகளில் பழைய இடத்திலேயே திரும்பக் கட்டப்பட்டது.

உங்கள் உறவினர்களின் வழக்கத்தில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1980களிலிருந்து போரின் காரணமாகச் சுவிட்சர்லாந்துக்கு வந்து சேர்ந்த ஈழத் தமிழரில் கத்தோலிக்கரோடு சைவர்களும் ஐன்சீடெல்னுக்கும் பாசல் நகரத்துக்கு அருகிலுள்ள மரியாஸ்டைன் திருத்தலத்துக்கும் போகிறார்கள். மரியாஸ்டைனில் ஆண்டுக்கொரு முறை தமிழ்த் திருப்பலியும் கூடுகையும் நடக்கின்றன. ஊரில் இருந்தபோது மடுமாதாவிடம் யார் எந்தச் சமயத்தவர் என்று பார்த்தா போனார்கள்? பட்டாடை உடுத்தி, விழாவுக்கு விழா உடை மாற்றி, விளக்கொளியில் நிற்கும் கறுத்த தாயைக் கண்டதும் அவர்களுக்கு அந்நிய நாட்டில் ஒரு வீடு கிடைத்திருக்கும்.

முடிந்தால் செப்டம்பர் 14 அன்று ஐன்சீடெல்னில் இருங்கள். 948ஆம் ஆண்டு ஆயர் கொன்ராட் ஆலயத்தை நேர்ந்தளிக்க வந்தபோது வானதூதர்களே அதை முன்னரே நேர்ந்தளித்துவிட்டதாக நம்பப்படும் நிகழ்வின் நினைவுநாள் அது.

கேள்வி: சாப்பாடு? தங்குவது? நான் சைவம்.
– வாசகர், சேலம்

சிரமமில்லை. ஊர்களில் யாத்திரிகர் விடுதிகளும் சில மடங்களில் எளிய அறைகளும் உண்டு. கோடையில் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். மலை விடுதிகளில் வறுத்த உருளைக்கிழங்குத் துருவலும், மக்ரோனியை உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, வெங்காயத்தோடு சேர்த்து ஆப்பிள் கூழுடன் தரும் இடையர் உணவும் கிடைக்கும். பன்றி இறைச்சித் துண்டு சேர்க்காமல் தரும்படி முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊர்க் குழாய்த் தொட்டிகளில் ஓடும் தண்ணீரை, குடிக்கலாகாது என்ற பலகை இல்லாத இடங்களிலெல்லாம் அப்படியே குடிக்கலாம். சுவிட்சர்லாந்தில் விலைவாசி மிக அதிகம். பகல் உணவுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பையில் வைத்துக்கொண்டால் செலவு பாதியாகக் குறையும். ஐன்சீடெல்னில் செம்மறிக்கிடா வடிவத்தில் சுடும் தேன் பிஸ்கட் பெயர்பெற்றது. யாத்திரிகர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு வாங்கிச் செல்லும் பண்டம் அது.

கேள்வி: என் தாயார் தனியாக நடக்க விரும்புகிறார். மலையில் ஆபத்து இல்லையா?
– வாசகர், மதுரை

நான் சொன்ன பாதையில் பாறை ஏற்றமோ கயிறோ கிடையாது. ஆனாலும் மலை மலைதான். ஹாகனெக் பகுதியில் மே மாதத்திலும் பனி கிடக்கலாம்; ஜூன் நடுப்பகுதி முதல் செப்டம்பர் இறுதிவரை ஏற்ற காலம். கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் திரள்வதால், கணவாயை நண்பகலுக்குள் கடந்துவிடும்படி காலையில் புறப்பட வேண்டும். இடி கேட்டால் மேட்டிலும் தனி மரத்தடியிலும் நிற்கக் கூடாது.

வழிகாட்டிப் பலகைகள் தூரத்தைச் சொல்வதில்லை, நேரத்தைச் சொல்கின்றன. அது பயிற்சியுள்ளவர் ஓய்வில்லாமல் நடக்கும் நேரம். தாயார் அதோடு பாதியைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வெறும் மஞ்சள் குறி எளிய பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை மலைப்பாதை; அதற்கு நல்ல பிடிப்புள்ள காலணி கட்டாயம். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் திரும்பிவிட வேண்டும். அது மலையேறுபவர்களுக்கு உரியது. பாதை பல இடங்களில் மேய்ச்சல் நிலத்துக்குள்ளேயே போகும். கன்றோடு நிற்கும் பசுவை நம் ஊர்ப் பசுவைப்போல் நினைத்துத் தொடப் போகக் கூடாது. விலகி, அமைதியாகச் சுற்றிப் போக வேண்டும்.

மலை மீட்பு ஹெலிகாப்டர் சேவையின் அவசர எண் 1414. ஹாகனெக் கணவாயின் உயரமும் அதே எண்தான் என்பதால் தாயாருக்கு மறக்காது.

கேள்வி: ரான்ஃப்ட் தவசி நிக்கோலாஸ் மனைவியையும் பத்துப் பிள்ளைகளையும் விட்டுப் போனவராமே! அவரைப் புனிதர் என்று எப்படி ஏற்பது?
– வாசகி, தூத்துக்குடி

வந்த கடிதங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது உங்களுடையது. நிக்கோலாஸ் 1417இல் ஃப்ளூலியில் பிறந்தவர். உழவர், போர்வீரர், நீதிபதி, ஊர் மன்ற உறுப்பினர் என்று ஊரில் மதிப்போடு வாழ்ந்தவர். 1467 அக்டோபர் 16 அன்று, ஐம்பதாம் வயதில், வீட்டை விட்டு நீங்கினார். கடைசிப் பிள்ளைக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. மூத்த மகன்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் வயதை எட்டியிருந்தார்கள் என்பது உண்மை. மனைவி டொரோத்தேயாவின் இசைவை வேண்டிப் பெற்றே போனார் என்பதும் மரபு. ஆனால் அந்த இசைவுக்கு டொரோத்தேயா கொடுத்த விலையை யார் எழுதிவைத்தார்கள்? உங்கள் கேள்வி நியாயமானது.

நம்மிடையே பட்டினத்தாரையும் சித்தார்த்தரையும் பற்றி இதே கேள்வி கேட்கப்படுகிறது. நிக்கோலாஸிடம் ஒரு வேறுபாடு இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போய்விடும் எண்ணத்தோடு கிளம்பியவர் பாசலுக்கு அருகிலிருந்தே திரும்பி வந்து, தம் வீட்டிலிருந்து சில நிமிட நடையிலேயே, மெல்ஹா ஆறு ஓடும் ரான்ஃப்ட் பள்ளத்தாக்கில் தங்கினார். 1487 மார்ச் 21 அன்று இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். இன்று அந்த வீட்டிலிருந்து குடிலுக்கு இறங்கி நடக்கும்போது, கூப்பிட்டால் கேட்டுவிடும்போலத் தோன்றும் அந்தத் தூரத்தை இருபது ஆண்டுகள் தாங்கியவர்கள் இருவர் என்பது உள்ளத்தில் பதிகிறது. அவர் உடுத்திய அங்கி ஸாக்ஸெல்ன் பங்கு ஆலயத்தில் இருக்கிறது. டொரோத்தேயாதான் அதைத் தைத்துக் கொடுத்தார் என்று சொல்கிறார்கள்.

நிக்கோலாஸ் விட்டுப்போனதால் அந்த நாட்டுக்கு விளைந்தது ஒன்று உண்டு. 1481 டிசம்பரில் ஸ்டான்ஸில் கூடிய சுவிஸ் மாநிலங்கள், புதிய மாநிலங்களைச் சேர்ப்பது முதலிய பூசல்களால் பிரிந்து போருக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்டன. ஸ்டான்ஸ் பங்குத்தந்தை ஹைமோ ஆம்கிருண்ட் இரவோடு இரவாக ரான்ஃப்டுக்கு நடந்து, தவசியின் அறிவுரையைப் பெற்றுத் திரும்பினார். அந்த வார்த்தைகள் எந்தப் பதிவிலும் இடம்பெறவில்லை. ஆனால் டிசம்பர் 22 அன்று உடன்படிக்கை முடிந்தது. ஃப்ரிபோர்க்கும் சோலோதூர்னும் கூட்டமைப்பில் சேர்ந்தன. 1947இல் திருச்சபை நிக்கோலாஸைப் புனிதராக அறிவித்தது. அவரைப் புனிதர் என்று நான் ஏற்கிறேன். டொரோத்தேயாவையும் அவரோடு சேர்த்தே நினைக்க வேண்டும் என்றும் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு மலையேறிப் பழக்கம் உண்டு. இன்னும் உயரமான ஆலயங்கள்?
– வாசகர், பெங்களூரு

இத்தாலியின் சூசா பள்ளத்தாக்குக்கு மேலுள்ள ரோச்சாமெலோனே சிகரம், 3,538 மீட்டர். ஆஸ்தி நகரத்து போனிஃபாச்சோ ரொத்தாரியோ 1358 செப்டம்பர் 1 அன்று, தாம் நேர்ந்துகொண்டபடி, மாதா உருவம் பொறித்த வெண்கலப் பலகையை அந்த உச்சிக்குச் சுமந்துபோய் வைத்தார். 1899இல் அங்கே நிறுவப்பட்ட மாதா சிலைக்கு இத்தாலியின் 1,30,000 குழந்தைகள் ஆளுக்குப் பத்துக் காசு கொடுத்தார்கள். துண்டு துண்டாகப் பிரித்த சிலையை மலைப்படை வீரர்கள் தோளில் ஏற்றினார்கள். ஆகஸ்ட் 5, பனிமாதா திருநாளன்று மக்கள் ஏறுகிறார்கள். உயரத்துக்கு உடலைப் பழக்கிக்கொள்ளாமல் முயல வேண்டாம்.

உயரம் குறைவாகவும் தூரம் நீளமாகவும் வேண்டுமென்றால் ஆஸ்திரியாவின் கெர்ன்டன் மாநிலத்தில் நான்கு மலை யாத்திரை இருக்கிறது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) பின் வரும் இரண்டாம் வெள்ளிக்கிழமை, நள்ளிரவில் மாக்தலேனா மலை ஆலயத்தில் தொடங்கி, உல்ரிக், வைட், லாரன்ஸ் ஆகியோர் பெயர்கொண்ட மலைகளையும் ஏறியிறங்கி, ஏறத்தாழ 50 கிலோமீட்டரை அன்று மாலைக்குள் முடிக்கிறார்கள். ஒவ்வொரு மலையிலும் பச்சிலை பறித்துத் தொப்பியில் செருகிக்கொண்டு வந்து, காப்பாக வீட்டில் வைப்பது வழக்கம்.

கேள்வி: எனக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். எந்தப் பகுதியை நடக்கலாம்?
– வாசகி, சிங்கப்பூர்

ஸ்டான்ஸிலிருந்து ரான்ஃப்ட். 1481இல் அந்தப் பங்குத்தந்தை குளிர்கால இரவில் நடந்த வழி அது. நீங்கள் பகல் வெளிச்சத்தில், ஐந்து மணி நேரத்தில் நடக்கலாம். லூட்சர்னிலிருந்து காலை ரயிலில் ஸ்டான்ஸ் போய், புனித பீட்டர் ஆலயத்துக்கு முன்னிருந்து தொடங்குங்கள். என்மெட்மோஸ், கெர்ன்ஸ் வழியே போகும் பாதையில் பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. ஃப்ளூலியில் நிக்கோலாஸின் வீட்டைப் பார்த்துவிட்டுப் பள்ளத்தாக்குக்கு இறங்குங்கள். குடிலுக்குள் நுழையத் தலை குனிய வேண்டும். கூரை அவ்வளவு தாழ்வு. உள்ளே ஒரு சாளரம் ஒட்டியுள்ள சிற்றாலயத்தின் பீடத்தை நோக்கியும், இன்னொன்று வெளியே, அறிவுரை கேட்டு வந்தவர்கள் நின்ற பக்கத்தை நோக்கியும் திறந்திருக்கும். இரண்டிலும் சிறிது நேரம் நின்று பாருங்கள். திரும்பி மேலே ஏறக் கால் மணி நேரமாவது ஆகும் என்பதால், ஸாக்ஸெல்ன் ரயில் நிலையத்துக்குப் போகும் மாலைப் பேருந்தின் நேரத்தை இறங்குமுன்பே ஊர்ச் சதுக்கத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.